பனிக்கடல்மேல் ஒரு மடக்கு

ஔலு, பின்லாந்து, ஜனவரி 8

அன்புள்ள அக்கா,

‘அக்கா’ என்று ஆரம்பித்தால் மேலே படிப்பாயா, கிழித்துப் போடுவாயா என்று ஐந்து நிமிடம் யோசித்தேன். ‘ரேட்டா’ என்று பெயர் சொல்லி ஆரம்பித்தால் நிச்சயம் கிழிப்பாய். அதனால் அக்கா.

முதலில் ஒரு சத்தியம். இந்த உறைக்குள் மினுக்குத் தூள் இல்லை, மிளகுத்தூள் இல்லை, அரிப்புப் பொடி இல்லை. வெறும் காகிதம். போனில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். அம்மாவிடம் சொல்லி அனுப்பலாம் என்று போனால், “நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா? ஸ்டாம்பு வாங்கிக்கோ” என்று சொல்லிவிட்டாள். வாங்கிக்கொண்டேன். ராணுவ முகாமுக்கு வரும் தபாலைத் தடுக்க நீ தளபதியாக வேண்டும். பயிற்சிக்குப் போய் ஆறு மாதம்தானே ஆகிறது, இன்னும் ஆகியிருக்க மாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று பெரியப்பா வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருக்க, போன வருடப் பந்தயத்தில் நீ பனியில் சரிந்து விழுந்த காட்சியைப் பெரிய டி.வி.யில் போட்டது தப்புதான். ஆனால் நான் அதைப் பின்னோக்கித்தான் ஓட்டினேன். பின்னோக்கி ஓட்டினால் நீ விழவில்லை, எழுந்து நிற்கிறாய். அதை யாரும் கவனிக்கவே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள், நீ கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் முதல் சனிக்கிழமை தீவு சைக்கிள் பந்தயம். பதிவு திறந்துவிட்டார்கள். எனக்கு இன்னும் பதினாறு ஆகவில்லை, பெரியவர் ஒருவரோடு இரட்டையாகப் போனால்தான் விடுவார்கள். என் வகுப்பு ஓக்கோவின் அண்ணன் “நான் வரட்டுமா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். போன வருடம் நீயும் நானும் உறைந்த கடலைத் தாண்டித் தீவைத் தொட்டுவிட்டோம், திரும்பும் வழியில்தான் எல்லாம் கெட்டுப்போயிற்று. நீ சறுக்குவண்டியில் கம்பளிக்குள் போக, நான் பின்னாலேயே மிதித்து வந்தேன். இரட்டையரில் ஒருவர் விழுந்தால் மற்றவர் முடிவுக் கோட்டைத் தாண்டினாலும் கணக்கில்லையாமே. கோட்டைத் தாண்டிவிட்டுத்தான் எனக்குத் தெரிந்தது.

இந்த முறை அதை முடிக்க வேண்டும். உன்னோடு. வேறு யாரோடும் முடித்தால் அது முடித்ததாகாது.

வருவாயா?

ஹில்லா


சோடான்குலா முகாம், ஜனவரி 17

ஹில்லா,

உன் கடிதத்தைக் கையுறையோடு முற்றத்துக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். என் அறைத்தோழி கைசா பத்தடி தள்ளி நின்று பார்த்தாள். ஒன்றும் பறக்கவில்லை, வெடிக்கவில்லை. அவளுக்குத்தான் ஏமாற்றம்.

பந்தயத்துக்கு நான் வரவில்லை.

காரணம் கேட்பாய், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். போன வருடம் என் பாட்டில் உறைந்துவிட்டது. மூடி திறக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் பாதி வழி மிதித்தால் யாருக்கும் கால் பிடிக்கும், தலை சுற்றும். அவ்வளவுதான். நீயோ பள்ளிக்கூடம் முழுக்க, “எங்க அக்கா ஒண்ணுக்குப் போறதுக்குச் சோம்பல்பட்டுக்கிட்டுத் தண்ணியே குடிக்கல” என்று சொல்லி வைத்திருக்கிறாய். அது பொய். நீ சொன்னதைக் கேட்டுவிட்டு ஓக்கோவின் அம்மா என்னிடமே வந்து ஆறுதல் சொன்னாள். கடைத்தெருவில். ரொட்டி வாங்க நின்ற வரிசையில்.

ஓக்கோவின் அண்ணனோடு போ. நன்றாக மிதிப்பான்.

இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

ரேட்டா


ஔலு, ஜனவரி 25

அக்கா,

பதில் வேண்டியதில்லை என்றாய், எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. கட்டளையை இன்னும் தெளிவாகக் கொடுக்கப் பழகிக்கொள், தளபதியாகும்போது உதவும்.

உன் பாட்டில் விவகாரத்தை நான் ஆராய்ந்துவிட்டேன். இந்த வாரம் முழுக்க மைனஸ் இருபத்துநாலு டிகிரி. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியே ஆய்வுக்கூடம். திங்கட்கிழமை சாதாரணப் பாட்டிலில் சாதாரணத் தண்ணீர்: ரொட்டிக்கடை வருவதற்குள் மூடி கல். மறுநாள் வெந்நீர் ஊற்றிக்கொண்டு போனேன், கொஞ்சம் தேவலை, ஆற்றுப் பாலம் வரை தாங்கியது. அப்புறம்தான் மூளை வேலை செய்தது. பனிக்கட்டி மேலேதானே முதலில் கட்டும்? பாட்டிலைத் தலைகீழாகச் சொருகினேன். மேலே இருப்பது இப்போது பாட்டிலின் பிட்டம். பிட்டம் உறைந்தால் யாருக்கு என்ன? வாய்ப்பக்கம் பள்ளிக்கூடம் வரை தண்ணீராகவே இருந்தது.

அதற்கடுத்து இரும்புப் பிளாஸ்க். அதில் ஓக்கோ வாய் வைத்தான், உதடு ஒட்டிக்கொண்டது. பிளாஸ்க் முகத்தில் தொங்க அவன் வகுப்புக்கு வந்ததைப் பார்த்து இயற்பியல் ஆசிரியர் தன் ஆறிய தேநீரை அவன் உதட்டில் ஊற்றினார். விடுபட்டதும் அவன் பேசிய முதல் வார்த்தை: “இனிமே உன்கிட்ட தண்ணி கேட்டா என்னைச் செருப்பால அடி.” இது குறும்பு இல்லை அக்கா, ஆராய்ச்சி. ஆராய்ச்சியில் உதடுகள் போகத்தான் செய்யும்.

கடைசியாக, முதுகுப்பை நீரும் உறிஞ்சுகுழலும். குழலைச் சட்டைக்குள் அக்குள் வழியாக விட்டுக் கழுத்தில் எடுத்தேன். உறிஞ்சியதும் திருப்பி ஊதிவிட வேண்டும், குழலில் தங்கும் தண்ணீர் பைக்குப் போய்விடும். ஊத மறந்தால் கழுத்தில் குச்சி ஐஸ். போன வருடம் உனக்கு என்ன குறை சொல்? கைக்கு உறை, காலுக்கு உறை, தலைக்கு உறை, இருக்கைக்குக்கூட உறை. பாட்டிலுக்கு மட்டும் இல்லை. அது மட்டும் உறைந்தது.

ஆக, உன் பாட்டில் உறைந்தது உண்மை. ஒப்புக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்திலும் திருத்திச் சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று. அப்போது நான் பக்கத்திலேயே இருந்தேன். என் பாட்டில் உறையவில்லை. நீட்டினேன். நீ என்னைப் பார்த்தாய், பாட்டிலைப் பார்த்தாய், “வேணாம், தாகமில்ல” என்று சொல்லிவிட்டு மிதித்தாய். கொஞ்ச தூரத்தில் விழுந்தாய். நாட்டுக்குக் குடிமகள், சைக்கிளில் மட்டும் குடியா மகளா? ஒன்றுக்குப் போகச் சோம்பித்தான் குடிக்கவில்லை என்று நான் நினைத்தது இதனால்தான்.

அது இல்லை என்றால், ஏன் வாங்கவில்லை?

ஹில்லா


சோடான்குலா, பிப்ரவரி 3

ஹில்லா,

நாலு நாளாகக் காட்டில் இருக்கிறோம், போனையெல்லாம் வாங்கி வைத்துவிட்டார்கள். கூடாரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பேனா மை உறைகிறது, ஒவ்வொரு வரிக்கும் வாயில் வைத்து ஊத வேண்டியிருக்கிறது.

இங்கே எங்கள் சார்ஜெண்ட் மணிக்கொரு தரம் எல்லோரையும் நிறுத்துவார். “பாட்டில எடு. குடி. காட்டு.” அவ்வளவுதான். முதல் வாரம் ஒரு பையன், “சார், எனக்குத் தாகமில்ல” என்றான். “தாகமான்னு உன்னை யார்ரா கேட்டா? உன் வாயிலேருந்து புகை போகுது பாரு, அது என்ன சுருட்டா? உன் தண்ணிதான் போகுது. குடி” என்றார். குளிரில் தாகம் பொய் சொல்லுமாம். வெயிலில் கத்தும், பனியில் வாயை மூடிக்கொள்ளும். இதெல்லாம் போன வருடம் எனக்குத் தெரியாது.

ஆனால் நீ கேட்டது இது இல்லை.

எனக்கு அன்று தாகம் இருந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. நீ பாட்டிலை நீட்டினாய். சிரித்துக்கொண்டே நீட்டினாய். நீ எப்போதும் சிரித்துக்கொண்டேதான் நீட்டுவாய். கோடைத் திருநாளில் பெர்ரிச் சாற்றில் ஒரு கை உப்பு. என் பதினெட்டாவது பிறந்தநாளில் எலுமிச்சைச் சாறு என்று ஊறுகாய் மீன் தண்ணீர். ஒரு முறை பாத்திரம் கழுவுகிற சோப்பு, அன்று முழுக்க நான் பேசினால் குமிழி வந்தது, உனக்கு நினைவிருக்கும். நீ நீட்டி நான் நிம்மதியாகக் குடித்தது கடைசியாக எப்போது என்று எனக்கே தெரியவில்லை.

அந்தக் காற்றில், அந்தக் களைப்பில், வாய் நிறைய உப்பு வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. அதனால் தாகமில்லை என்றேன்.

இதுதான் காரணம். நீ கேட்டாய், சொல்லிவிட்டேன்.

ரேட்டா


ஔலு, பிப்ரவரி 8

அக்கா,

அந்தப் பாட்டிலில் பெர்ரிச் சாறு மட்டும்தான் இருந்தது. வெதுவெதுப்பாக. சர்க்கரையைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருந்தேன், உனக்குப் பிடிக்குமே என்று.

சிரித்தேன் என்கிறாய். காற்றில் என் முகம் இறுகி அப்படி நின்றுவிட்டது. நான் பயந்துபோயிருந்தேன். உன் உதடு வெளுத்திருந்தது.

வீட்டுக்கு வந்து மீதியைத் தொட்டியில் ஊற்றினேன்.

பதிவு பதினாலாம் தேதி முடிகிறது. சும்மா சொல்கிறேன், கட்டாயம் ஒன்றும் இல்லை. இன்றைக்குச் சொல்ல வேடிக்கை எதுவும் வரவில்லை. உட்கார்ந்து யோசித்தும் பார்த்தேன்.

ஹில்லா


சோடான்குலா, பிப்ரவரி 13 (கலைமான் படம் போட்ட அஞ்சலட்டை)

இரண்டு பேர் பெயரையும் பதிந்துவிட்டேன். விடுப்பும் வாங்கிவிட்டேன்.

என் பாட்டிலை நான் பார்த்துக்கொள்கிறேன், உன்னுடையதை நீ. மணிக்கு மூன்று முறை நிற்போம், குடிப்போம், காட்டுவோம். ஒன்றுக்கு வந்தால் நிற்போம், அடக்குகிற வேலை கிடையாது. முந்தின நாள் இராத்திரி சௌனா அறையில் நீராவிக் குளியல் கிடையாது. போன வருடம் மூன்று சுற்று வேர்த்துவிட்டுப் படுத்தோம், காலையில் காப்பி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினோம். கிளம்பும்போதே காய்ந்திருந்தோம்.

சௌனா விஷயத்தை அப்பாவிடம் நீ சொல். எனக்குத் தைரியம் இல்லை.

ரேட்டா


ஔலு, பிப்ரவரி 20

அக்கா!

ஆயுதம் ஏந்தி நாட்டைக் காக்கிறவளுக்கு அப்பாவிடம் பேசத் தைரியம் இல்லையாம். அஞ்சலட்டையைத் தபால்காரர், அம்மா, ஓக்கோ எல்லோரும் படித்துவிட்டார்கள். அப்பா மட்டும் படிக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் சொன்னேன். “அப்பா, பந்தயத்துக்கு முந்தின நாள் சௌனா வேணாமாம்.”

முள்கரண்டி பாதியில் நின்றது. “யாருக்கு?”

“எனக்கும் அக்காவுக்கும்.”

“உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. வேர்வையில தண்ணியெல்லாம் போயிடுதாம். மறுநாள் காலையில கருவாடா சைக்கிள் ஏறுறோமாம்.”

“நாப்பது வருஷமா நான் போறேன். எனக்கு என்ன ஆச்சு?”

அம்மா உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “நீங்க அதுக்கப்புறம் சோபா வரைக்கும்தானே போறீங்க. தீவுக்கா போறீங்க?”

அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். நம் வீட்டில் சாமியைக் குறை சொல்லலாம், பிரதமரைத் திட்டலாம், சௌனாவைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை இதுவரை யாரும் சொன்னதில்லை. கடைசியில், “பந்தயம் முடிஞ்சு?” என்றார். “முடிஞ்சதும் எவ்வளவு நேரம் வேணாலும்” என்றேன். எழுந்து வெளியே போய் விறகு பிளக்க ஆரம்பித்துவிட்டார். நேற்றும் பிளந்தார். இன்றும் பிளக்கிறார். சம்மதமா கோபமா என்று விறகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் குவியல் ஜன்னல் உயரம் வந்துவிட்டது.

அடுத்த செய்தி, அரசாங்க இரகசியம். பந்தயத்துக்குப் போடும் தோள்வார்க் கால்சட்டையை அவிழ்க்க மேல்சட்டை, உள்சட்டை, முதுகுப்பை எல்லாம் கழற்ற வேண்டியிருக்கிறதே, அதற்காக இரண்டு கால்சட்டைக்கும் பின்னால் ஒரு நீள ஜிப் வைத்துத் தைத்துவிட்டேன். புழக்கடையில் சோதித்துப் பார்த்தேன். வெற்றி. பக்கத்து வீட்டு நாய் மட்டும் என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்க்கிறது.

வெள்ளிக்கிழமை ரயிலடிக்கு வருகிறேன். வெறுங்கையோடு.

ஹில்லா


ஔலு, மார்ச் 6

அக்கா,

நீ ரயிலேறியதிலிருந்து அம்மா என்னைத் துளைக்கிறாள். நீ அவளிடம் போனில் சொன்ன கதையில் நான்தான் கோமாளியாம். என் பக்கத்தையும் எழுத்தில் வைத்துவிடுகிறேன். படித்துவிட்டு எது பொய் என்று சொல்.

தீவைத் தொட்டுத் திரும்பும்போது என் குழல் உறைந்தது உண்மை. கூடவே மிதித்த கெமி ஊர்க்காரர்களுக்குப் பிளாஸ்க் மூஞ்சி ஓக்கோவின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்ததில், உறிஞ்சிவிட்டுத் திருப்பி ஊத மறந்துவிட்டேன். ஆராய்ச்சியாளர் நானே. ஒத்துக்கொள்கிறேன்.

நீ நிறுத்தச் சொன்னாய். “பாட்டில எடு. குடி. காட்டு.” காட்ட என்னிடம் ஒரு குச்சி ஐஸ்தான் இருந்தது. நீ உன் பாட்டிலை நீட்டினாய். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

“என்ன இருக்கு இதுல?” என்றேன்.

“குடிச்சுப் பாரு.”

‘குடிச்சுப் பாரு’ என்பது என் வசனம். நான் உனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். சுற்றிலும் வெள்ளைக் கடல், ஒரு மரம் கிடையாது, ஓடி ஒளிய இடம் கிடையாது. பழி வாங்க இதைவிட நல்ல இடம் உனக்குக் கிடைக்காது என்று தோன்றியது. ஆனால் தொண்டை மணல் மாதிரி இருந்தது. குடித்தேன். உப்புக் கரித்தது. துப்பிவிட்டேன்.

நீ அம்மாவிடம், “அவ துப்பினா, நான் சிரிச்சேன்” என்று சொல்லியிருக்கிறாய். பொய். நீ சிரிக்கவில்லை. பனியில் சிவப்பாகக் கிடந்த பெர்ரிச் சாற்றைப் பார்த்தாய். “ஒரு சிட்டிகை உப்புடி, கழுதை. குடிச்ச தண்ணி உடம்புல தங்கணும்னு போட்டது. முகாம்ல எல்லாருக்கும் இதான்” என்றாய். மறுபடி நீட்டினாய். குடித்தேன். உள்ளே போனபின் அந்த உப்பு நன்றாகத்தான் இருந்தது. நீயும் குடித்தாய். ‘போன வருஷம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு இப்பப் புரியுதா’ என்று நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். நீ கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்புறம் ரொம்ப தூரம் நான் வாயே திறக்கவில்லை என்று நீ அம்மாவிடம் ஆச்சரியப்பட்டாயாமே. இதுதான் காரணம்.

ஒன்றுக்கு நின்ற படலத்தில் உனக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நீ மேல்சட்டையை விரித்துக் காற்றுக்கு மறைப்புப் பிடித்தாய், பிறகு நான் உனக்குப் பிடித்தேன். அதற்குள் கெமிக்காரர்கள் உட்பட ஒரு கூட்டமே நம்மைத் தாண்டிவிட்டது. “ஜமாய்ங்க பொண்ணுங்களா!” என்று ஒரு தாத்தா கத்தினார். “முன்னாடி பாத்து ஓட்டுங்க பெரியவரே” என்று நீ சொன்னாய். பனி ஸ்கூட்டரில் கூடவே வந்த அப்பா, அந்த நேரம் பார்த்து வானத்தில் என்னவோ தேடிக்கொண்டிருந்தார். ஜிப் வேலை செய்ததைப் பற்றி நீ அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது மட்டும் வருத்தம்.

இப்போது நான் சொல்ல வந்தது. நீ இதை அம்மாவிடம் சொல்லவே இல்லை.

போன வருடம் விழுந்த இடம் வந்தது. அங்கே கம்பத்தில் அதே கிழிந்த கொடி. உன் பாட்டில் காலி, பாதி நான் துப்பியது, மீதி நாம் குடித்தது. என் குழல் அக்குளில் கிடந்து எப்போதோ இளகியிருந்தது, எனக்கே தெரியாது, ஒரு சொட்டு கழுத்தில் விழுந்ததும்தான் தெரிந்தது. நான் உன்னிடம் நீட்டவில்லை. நீட்டலாமா என்று எனக்குப் பயமாக இருந்தது. நீதான் நிறுத்தினாய். “தாகமா இருக்கு. குடு” என்றாய்.

குழல் என் சட்டைக் கழுத்தோடு கட்டியிருந்தது. நீ குனிந்து, தலைக்கவசம் இரண்டும் மோத, கன்றுக்குட்டி மாதிரி என் கழுத்தில் வாய் வைத்துக் குடித்தாய். என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. முகர்ந்தும் பார்க்கவில்லை. நான் அசையாமல் நின்றேன். சிரித்துவிடக் கூடாது என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன். நீ குடித்துவிட்டு, மறக்காமல் குழலைத் திருப்பி ஊதினாய், அந்தக் காற்று என் முதுகுப்பையில் கொடகொடவென்று சத்தம் போட்டது. நாம் இரண்டு பேரும் அப்போதுதான் சிரித்தோம்.

நமக்குப் பின்னால் நாலே இரட்டையர் இருக்க, சக்கரத்தோடு சக்கரமாகக் கோட்டைத் தாண்டினோம். அதைப் படம் பிடித்துத்தான் அப்பா எல்லோருக்கும் காட்டுகிறார், முன்னோக்கியே ஓட்டி. பிளந்த விறகு முழுவதையும் அன்றைக்கே எரித்துவிட்டார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயும் சௌனாவுக்குள்ளேதான் இருந்தாய்.

இதில் எது பொய்?

ஹில்லா


சோடான்குலா, மார்ச் 14

ஹில்லா,

எதுவும் பொய் இல்லை. தாத்தா மட்டும் தாத்தா இல்லை, நாற்பது வயதுதான் இருக்கும். ஜிப் நன்றாக இருந்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இங்கே நாலு பேர் அதே மாதிரி வைத்துத் தரச் சொல்லிக் கால்சட்டையை அனுப்பப் பார்க்கிறார்கள், நான் முகவரி கொடுக்கவில்லை.

கொடிக் கம்பத்துப் பக்கத்தில் நடந்ததை அம்மாவிடம் சொல்லவில்லைதான். அது அம்மாவுக்கு எதற்கு?

செவ்வாய்க்கிழமை பனிச்சறுக்குப் பயணம். சார்ஜெண்ட் வரவில்லை, எங்களில் ஒருவன்தான் தலைமை. அவனுக்குப் பொழுது சாய்வதற்குள் சேர வேண்டும் என்ற அவசரம், நிறுத்தவே மறந்துவிட்டான். வரிசையில் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் வீரர்கள் இல்லையா? நான் கையைத் தூக்கினேன். “எனக்குத் தாகமா இருக்கு” என்றேன். அவன் திரும்பிப் பார்த்தான். நின்றான். அடுத்த நொடி வரிசை முழுக்கப் பாட்டிலை எடுத்துவிட்டது. யாராவது ஒருவர் சொல்ல வேண்டும் என்றுதான் அத்தனை பேரும் காத்திருந்திருக்கிறார்கள்.

கைசாவின் பாட்டில் கல்லாகியிருந்தது. என்னுடையதைக் கேட்டாள். கொடுத்தேன். உன்னைப் பற்றி நான் சொன்ன கதைகளையெல்லாம் கேட்டவள் அவள். வாயில் வைப்பதற்கு முன் என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

நான் ஒன்றும் செய்யவில்லை. “குடிச்சுப் பாரு” என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, சிரிக்காமல் நிற்க நான் பட்ட பாடு இருக்கிறதே.

அக்கா